சின்ன எஸ்யூவிக்கு வீட்டிலேயே டிரெய்லர் ஹிட்ச் மாட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், குறிப்பாக ஒன்டாரியோவில், ஆர்ஏவி4, சிஆர்-வி, ஃபாரஸ்டர் மாதிரியான வண்டி வைத்திருப்பவர்கள் கோடை நெருங்கியதும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. பிள்ளைகளின் சைக்கிள்களைக் கொண்டுபோக வேண்டும், வாடகை டிரெய்லரில் சாமான் ஏற்ற வேண்டும், தோட்டத்துக்கு மண் வாங்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். டிரெய்லரையோ சைக்கிள் ரேக்கையோ பூட்ட வண்டியின் பின்னால் அடியில் மாட்டும் இரும்புதான் ஹிட்ச். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை என்றால் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம். எங்கே சிக்கும், எங்கே ஏமாறுவோம் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ஹிட்ச் வாங்கினால் பெட்டியில் என்னென்ன வரும்?

வண்டியின் அகலத்துக்கு ஓர் இரும்புக் குழாய், அதன் நடுவில் பின்பக்கம் பார்த்த சதுர வாய், இரண்டு ஓரத்திலும் வண்டியின் சட்டத்தில் போய் உட்காரும் கனமான தகடுகள். கூடவே ஒரு பை நிறைய போல்ட், நட், வாஷர். சில மாடல்களுக்குச் சுருள் கம்பி ஒன்றிரண்டும் இருக்கும், அதைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். அந்தச் சதுர வாய்தான் ரிசீவர். டிரெய்லர் வந்து உட்காரும் உருண்டை, உருண்டையைத் தாங்கும் பால் மவுண்ட், குறுக்கே செருகும் பின், விளக்குகளுக்கான ஒயரிங் எல்லாம் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. முழு ஹிட்ச் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். படுத்துக்கொண்டு ஒரு ஆள் தூக்கிப் பிடிக்கிற எடை அல்ல.

ரிசீவர் ஒன்றேகால் இஞ்ச் எடுப்பதா, 2 இஞ்ச் எடுப்பதா?

உங்கள் வண்டிக்கு 2 இஞ்ச் கிடைத்தால் அதையே எடுங்கள். நாலு சைக்கிள் வைக்கிற ரேக்குகள் பெரும்பாலும் 2 இஞ்சுக்குத்தான் வருகின்றன, வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கும் பால் மவுண்டுகளும் அப்படியே. ஒன்றேகாலை 2 ஆக்கும் அடாப்டர் இருக்கிறது. ஆனால் அது ரேக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளும், தாங்கும் எடையையும் குறைக்கும்.

ஹிட்ச்சில் 3,500 பவுண்டு என்று ஒட்டியிருக்கிறது. அப்போ என் வண்டி 3,500 பவுண்டு இழுக்கலாம்தானே?

இழுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அந்த ஒட்டியில் இருப்பது அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. வழக்கமான வகுப்புக் கணக்கில் முதல் வகுப்பு ஹிட்ச் 2,000 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 3,500, மூன்றாம் வகுப்பு அதற்கும் மேல். சின்ன எஸ்யூவிக்கு விற்கப்படும் 2 இஞ்ச் ஹிட்ச் பல சமயம் மூன்றாம் வகுப்பு. அதை மாட்டியதால் எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ பிரேக்குக்கோ புதிதாகத் தெம்பு வந்துவிடாது.

ஹோண்டா சிஆர்-வியின் பெட்ரோல் வகைக்கு 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ. 2019 மாடலாக வந்த தலைமுறை டொயோட்டா ஆர்ஏவி4-இல் பெரும்பாலான பெட்ரோல் வகைகளுக்கும் அதே 1,500. ஹைப்ரிட்டுக்கு 1,750. ஆனால் அதே உடல், அதே எஞ்சின் உள்ள டிரெயில், டிஆர்டி ஆஃப்-ரோடு மாதிரியான வகைகளுக்கு 3,500. முக்கியமான வித்தியாசம் குளிர்விப்பதில். பாரம் இழுக்கும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்காமல் இருக்க அந்த வகைகளுக்குக் கூடுதல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆர்ஏவி4 படகு இழுக்கிறது என்பதற்காக நம்முடையதும் இழுக்கும் என்று நினைக்கக் கூடாது.

வண்டி, ஹிட்ச், பால் மவுண்ட், உருண்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்.

டங் வெயிட் என்று வேறு ஓர் எண் சொல்கிறார்களே?

டிரெய்லரின் மூக்கு உங்கள் உருண்டையின் மேல் கீழ்நோக்கி அழுத்துகிற எடை அது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 1,500 பவுண்டு இழுக்கும் வண்டிக்கு பெரும்பாலும் 150 பவுண்டு, அதாவது 68 கிலோதான் வரம்பு. குறைந்தாலும் ஆபத்துதான். பாரமெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் போய்விட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், ஆட ஆட வண்டியையும் சேர்த்து இழுக்கும். சாமான் அடுக்கும்போது கனமானது முன்னால், மொத்தத்தில் 60 சதவீதம் முன்பாதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டி இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று. டங் வெயிட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஐந்து பேர், டிக்கி நிறைய சாப்பாட்டுச் சாமான், பின்னால் டிரெய்லர் என்று கிளம்பினால் அந்த எண்ணைத் தாண்டிவிடுவது வெகு சுலபம்.

எனக்கு சைக்கிள் ரேக் மட்டும்தான். இந்த எடைக் கணக்கெல்லாம் எனக்கு எதற்கு?

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். ரேக்கின் முழு எடையும் கீழ்நோக்கித்தானே அழுத்துகிறது? சக்கரத்தை வைத்துக் கட்டும் தட்டு வகை ரேக் ஒன்று 50 பவுண்டு இருக்கலாம். மின்சார சைக்கிள் ஒன்று 60 பவுண்டு சர்வசாதாரணம். இரண்டை ஏற்றினால் 170. வரம்பு 150. பேட்டரிகளைக் கழற்றி வண்டிக்குள் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு பவுண்டு குறையும். அப்போதும் 155 பக்கம் நிற்கும், வரம்பைக் கொஞ்சம் தாண்டியேதான். சாதாரண சைக்கிள் நாலு என்றாலும் கூட்டிப் பாருங்கள், ரேக்கோடு சேர்த்து 150-ஐத் தாண்டும். சில நிறுவனங்கள் ரேக்குக்குத் தனி வரம்பு கொடுத்திருக்கும், கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

சாக்கெட் செட், நீளமான ராட்செட், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், பிளாஸ்டிக் கிளிப் நெம்பும் கருவி, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு அணை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அண்ணாந்து படுத்திருக்கும்போது துருப்பொடி நேராகக் கண்ணில்தான் விழும். பல சின்ன எஸ்யூவிகளுக்கு வண்டியைத் தூக்காமலே செய்துவிடலாம். தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை வைக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும்.

நேரம்? முதல் தடவை என்றால் அரை நாளை ஒதுக்குங்கள். காணொளிகளில் அரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, அடியில் துரு இல்லாத வண்டி இருக்கிறது. நமக்கு இரண்டும் இல்லை.

என் வண்டி ஏழெட்டுக் குளிர்காலம் பார்த்தது. அடியில் ஒரே துரு. மாட்டலாமா?

இங்கேதான் வேலையே இருக்கிறது. பல வண்டிகளில் ஹிட்ச்சுக்கான நட்டுகளைச் சட்டத்துக்குள்ளேயே பற்றவைத்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். புது வண்டியில் போல்ட்டை வைத்தால் விரலாலேயே உள்ளே போகும். நம் ஊர் சாலைகளில் கொட்டும் உப்பு அந்த நட்டுக்குள் போய், மரை முழுவதையும் சிவந்த பொடியால் அடைத்துவிடும்.

முந்தின நாள் இரவே ஒவ்வொரு நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள், குழாய் கழுவுகிற மாதிரி ஒடுக்கமான வட்டக் கம்பி பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். சிவப்புக் குழம்பாக வழியும். வழிவது நிற்கிற வரை மறுபடி எண்ணெய், மறுபடி பிரஷ். அதன் பிறகும் போல்ட் இறுகினால் சரியான அளவு டாப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போனால் உள்ளே சேரும் பொடி வெளியே வரும். போல்ட்டின் விட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, மரையின் இடைவெளியும் தெரிய வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே 1.25, 1.5, 1.75 என்று மூன்று உண்டு. மாற்றிப் போட்டால் இருந்த மரையும் போச்சு.

போல்ட்டை முதல் ஐந்தாறு சுற்றாவது கையால்தான் ஏற்ற வேண்டும். இறுகுகிறதே என்று போல்ட் முடுக்கும் இம்பாக்ட் துப்பாக்கியைப் பிடித்தால் மரை கோணலாக ஏறும், இல்லாவிட்டால் பற்றவைப்பு விட்டுப்போய் நட்டு சட்டத்துக்குள் சும்மா சுற்றத் தொடங்கும். அப்படிச் சுற்றிவிட்டால் சட்டத்தில் ஓட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். அது வாசலில் செய்கிற வேலை அல்ல.

சுத்தியலால் தட்டும்போது சட்டமே செதில் செதிலாக உதிர்ந்தால், ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே இறங்கினால், ஹிட்ச் ஆசையை விட்டுவிடுங்கள். மேல் துரு வேறு, சட்டம் அரித்துப்போவது வேறு.

அந்தச் சுருள் கம்பி எதற்கு?

சட்டத்தில் நட்டு இல்லாத இடங்களுக்கு. சட்டம் உள்ளே பொள்ளலான பெட்டி. போல்ட்டை உள்ளேயிருந்து வெளியே நீட்ட வேண்டும், ஆனால் உள்ளே கை போகாது. கம்பியின் சுருள் முனையைப் போல்ட் வெளிவர வேண்டிய துளையில் விட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய துளை வழியாக வெளியே தள்ளுங்கள். அந்த முனையில் முதலில் சதுரத் தகட்டைக் கோத்துவிட்டு, பிறகு போல்ட்டைச் சுருளுக்குள் திருகுங்கள். தகட்டை உள்ளே தள்ளி, போல்ட்டையும் தள்ளி, மறுமுனையை மெதுவாக இழுத்தால் போல்ட் சட்டத்துக்குள்ளேயே நகர்ந்து வந்து துளையில் தலை நீட்டும். முதல் தடவை பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஹிட்ச்சைத் தூக்கிப் பொருத்தும்வரை கம்பியைக் கழற்றாதீர்கள். கம்பி இல்லாத போல்ட்டை ஹிட்ச் லேசாக இடித்தாலும் உள்ளே விழுந்துவிடும், அப்புறம் காந்தக் குச்சியை விட்டுத் துழாவ வேண்டியதுதான். சில வண்டிகளில் பெரிய துளையைக் கொஞ்சம் அரத்தால் அகலப்படுத்தச் சொல்லியிருப்பார்கள். செய்யலாம். அரம் பட்டு வெளுத்த இடத்தில் உடனே பெயின்ட் தடவிவிடுங்கள்.

சைலன்சரைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் இறக்கினால் போதும். சைலன்சர் ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, பெரிய இடுக்கியால் தள்ளினால் கம்பியிலிருந்து வழுக்கி வரும். இறக்கும் முன் கயிற்றாலோ பட்டையாலோ தாங்கல் கொடுங்கள். முழு எடையும் தொங்கினால் முன்னால் இருக்கும் மடிப்புக் குழாய் கிழியும். ஓட்டிவிட்டு வந்த சூட்டில் தொடாதீர்கள், ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹிட்ச்சோடு வந்த தாளில் இருக்கும் எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும். இந்த வகை வண்டிகளில் 75 முதல் 110 அடி-பவுண்டு வரை பார்க்கலாம். இரண்டு பக்கமும் எல்லாப் போல்ட்டையும் முதலில் விரல் இறுக்கத்தில் விட்டு, ரிசீவர் வண்டியின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டால் மறுபக்கத் துளைகள் பொருந்தவே பொருந்தாது.

தாளில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அந்த எண் காய்ந்த மரைக்கு. எண்ணெய் சொட்டச் சொட்ட அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். ஆகவே துரு இளக்கிய எண்ணெயைத் துடைத்துவிட்டு இறுக்குங்கள். முதல் தடவை பாரம் இழுத்துவிட்டு வந்ததும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பம்பரை வெட்டச் சொல்கிறார்களே?

சில மாடல்களுக்கு பம்பரின் அடிவிளிம்பில் ஒரு சின்னத் துண்டு வெட்ட வேண்டியிருக்கும். வாங்கும் முன் மாட்டும் முறைத் தாளைப் படித்தால் தெரிந்துவிடும். மறைப்பு நாடா ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளேயே வெட்டுங்கள். பத்தாவிட்டால் இன்னும் வெட்டிக்கொள்ளலாம். பம்பரையே கழற்றி உள் இரும்பையும் மாற்றும் வகைகளும் உண்டு. முதல் தடவை செய்கிறவர் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது, கிளிப் உடையாமல் பம்பர் கழற்றுவது தனிக் கலை.

ஒயரிங் வேண்டுமா? எனக்கு மின்சாரம் என்றாலே பயம்.

ரேக் மட்டும் என்றால் வேண்டாம். டிரெய்லர் என்றால் கட்டாயம். சின்ன டிரெய்லர்களுக்கு தட்டையான 4 முனை பிளக். வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும்.

மஞ்சளைப் பாருங்கள், இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே ஒயர். நம் வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டர் தனி, பிரேக் தனி. அதனால் நடுவில் இரண்டையும் ஒன்றாக்கும் கன்வர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே வரும் செட்டை வாங்கினால் பின்விளக்குக்குப் பின்னால் இருக்கும் பிளக்கைப் பிரித்து நடுவில் செருகுவதோடு முடிந்தது, ஒயர் வெட்ட வேண்டாம். பெரும்பாலான செட்டுகளில் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு ஓர் ஒயர் இழுக்க வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து பின்னால் வரை. சில ஹைப்ரிட்களில் 12 வோல்ட் பேட்டரி டிக்கிப் பக்கமே இருப்பதால் அந்த வேலை மிச்சம். ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

எல்லாம் முடிந்து இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லர் விளக்குகள் எல்லாம் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகின்றனவா? பத்தில் ஒன்பது தடவை எர்த் சரியில்லை. வெள்ளை ஒயர் பூட்டிய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிய மறுபடி முடுக்குங்கள்.

உருண்டை எந்த அளவு வாங்குவது?

டிரெய்லரின் மூக்கில் உருண்டையைக் கவ்வும் பிடியில் பொறித்திருக்கும் அளவு. 1-7/8 இஞ்சும் 2 இஞ்சும்தான் நமக்குப் பொதுவாக வருபவை. 2 இஞ்ச் பிடியை 1-7/8 உருண்டையில் வைத்தால் பூட்டியது மாதிரியே தெரியும், முதல் பள்ளத்தில் எகிறும். இரண்டு அளவுக்கும் பொருந்தும் பிடிகள் உண்டு, அப்படி என்றால் அதிலேயே எழுதியிருக்கும்.

தோட்டத்துக்கு ஒரு கன கஜம் மண் ஏற்றலாமா?

மே மாதம் வந்தால் இந்தக் கேள்விதான். ஒரு கன கஜம் மண் 2,000 பவுண்டு தொடும், மழையில் நனைந்தால் அதற்கும் மேல். டிரெய்லரின் சொந்த எடையே 500 பவுண்டுக்குக் குறையாது. 1,500 பவுண்டு வண்டிக்கு அரை கஜமே இழுபறி. மண்ணை வீட்டு வாசலில் கொட்டச் சொல்லிக் காசு கொடுத்துவிடுவதே மேல். வாடகைக்கு எடுக்கும் மூடிய டிரெய்லருக்கும் இதே கணக்குதான். யூ-ஹால் என்ற வாடகை நிறுவனத்தின் 4க்கு 8 அடி டிரெய்லர் காலியாகவே சுமார் 850 பவுண்டு. மிச்சம் 650-இல் மெத்தை, நாற்காலி, துணிப்பெட்டிகள் ஏற்றலாம். புத்தகப் பெட்டிகளை அடுக்கினால் பாதி டிரெய்லர் நிறைவதற்குள் எடை நிறைந்துவிடும்.

ஒன்டாரியோவில் சட்டம் என்ன சொல்கிறது?

கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸ் போதும், 4,600 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். நம் வண்டிகள் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. சொந்த டிரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட் எடுக்க வேண்டும். 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் இருக்க வேண்டும். உருண்டை தவிர இரண்டாவதாக ஒரு பிடிப்பும் கட்டாயம், அதற்குத்தான் சங்கிலிகள். பிடிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுங்கள், பிடி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் உட்காரும்.

நம்பர் பிளேட் மறைவதும் குற்றம்தான். காலி ரேக்கை மடித்து நிமிர்த்தினால் பல வண்டிகளில் பிளேட் பாதி மறைகிறது. வேலை முடிந்ததும் ரேக்கைக் கழற்றிவிடுங்கள்.

வாரன்டி போய்விடுமா? லீஸ் வண்டியில் மாட்டலாமா?

ஹிட்ச் மாட்டியதாலேயே முழு வாரன்டியும் போகாது. ஆனால் வரம்புக்கு மேல் இழுத்துக் கியர்பாக்ஸ் போனால், அல்லது ஒயரை வெட்டி ஒட்டியதால் ஏதாவது எரிந்தால், அந்தப் பழுதை டீலர் ஏற்க மாட்டார். லீஸ் என்றால் ஒப்பந்தத்தைப் படித்து, எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். காப்பீட்டுக்காரருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாட்டிய பிறகு ரிவர்ஸ் எடுத்தால் வண்டி கத்துகிறது.

சென்சாருக்கு ரேக் ஒரு தடையாகத் தெரிகிறது. வெறும் ரிசீவருக்குப் பெரும்பாலும் கத்தாது. ரேக்கோ பால் மவுண்டோ இருக்கும்போது அந்தச் சென்சாரை அணைத்துவைக்கலாம், ஆனால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். காலை ஆட்டினால் திறக்கும் டிக்கிக் கதவு, ஹிட்ச் வந்த பிறகு நடுவில் வேலை செய்யாமல் போகலாம். சென்சார் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே காலை நீட்டிப் பாருங்கள்.

குளிர்காலத்தில் கழற்றி வைக்க வேண்டுமா?

ஹிட்ச்சை வேண்டாம். பால் மவுண்டை மட்டும் கழற்றிவிடுங்கள். உப்பில் ஒரு குளிர்காலம் கிடந்தால் ரிசீவருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், பிறகு சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க முடியும். பார்க்கிங்கில் பின்னால் நடந்து போகிறவர் முழங்காலும் தப்பிக்கும். ரிசீவர் வாய்க்கு ரப்பர் மூடி போடுங்கள், 4 முனை பிளக்கில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், இலையுதிர் காலத்தில் வண்டிக்கு துரு பிடிக்காமல் தடுக்கும் எண்ணெய் அடிக்கும்போது ஹிட்ச்சின் ஓரத் தகடுகளுக்கும் சட்டத்தின் உள்ளேயும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.